பிள்ளைக்கு வேலை தேடும்போது: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

வேலை விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெயர், முகவரி, சாதாரண தரப் பெறுபேறு எல்லாம் நிரப்பி முடிய, கடைசிப் பகுதியில் உங்களை நன்கறிந்த, உறவினரல்லாத இருவரின் பெயரும் முகவரியும் கேட்கப்பட்டிருக்கும். மீளக்குடியமர்ந்த பல பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பது இந்த இடத்தில்தான். படிப்பித்த அதிபர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. பழைய கிராம அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார். விடுமுறையில் வேலை செய்த கடை இருந்த இடத்தில் சுவர் மட்டும் நிற்கிறது.

வீடும் கிணறும் மாடும் போனதைப் படிவங்களில் எழுதிக் கொடுத்தோம். "நல்ல பிள்ளை, நம்பி வேலை கொடுக்கலாம்" என்று சொல்லக்கூடிய மனிதர்கள் சிதறிப்போனதை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை. முதல் வேலை தேடும் பிள்ளைக்கோ அதுவும் பெரிய இழப்பு. அனுபவச் சான்றிதழ் இல்லாத ஒருவரைப் பற்றி அறிய, வேலை கொடுப்பவர் அவரைத் தெரிந்த ஒருவரிடம்தானே கேட்பார்?

இதைச் சொன்னால், "ஆள் பிடிக்க எங்களுக்கு எங்கே வசதி?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஆள் பிடிப்பது வேறு. தகுதியில்லாதவரைப் பின்கதவால் நுழைப்பது அது. தகுதியுள்ள பிள்ளை வேலை தேடுகிறது என்பதை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாருக்குத் தெரியப்படுத்துவது? நெருங்கிய சொந்தங்களிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். மார்க் கிரனோவெற்றர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம் விசாரித்ததைப் பற்றி எழுதினார். வேலை பற்றிச் சொன்னவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகக் கூறியவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே. மற்றவர்களுக்கு, எப்போதாவது காண்கின்ற ஒருவரிடமிருந்தே தகவல் வந்திருந்தது. யோசித்தால் இது விளங்கும். பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்தது பெரும்பாலும் எங்களுக்கும் தெரியும். வவுனியாவில் ஒரு கடையில் ஆள் தேவை என்பது வவுனியாவில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த விடயத்தில் உங்களிடம் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக உண்டு. மனிக்பாமில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் அடுத்தடுத்த கூடாரங்களில் இருந்தார்கள். தண்ணீர் வரிசையில் பழகியவர், பிள்ளைகளுக்குக் கூடாரத்தில் வகுப்பெடுத்த ஆசிரியர், நீங்கள் தங்கியிருந்த உறவினர் வீட்டின் அயலவர் எல்லோரும் இன்று வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நாட்களை நினைக்கவே பிடிக்காதவர்கள் பலர். அது எங்களுக்கும் விளங்குகிறது. ஆனாலும் ஒரு கொப்பி எடுத்து, நினைவில் வரும் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் பிள்ளையுடன் இருந்து எழுதுங்கள். முதல் நாள் ஐந்து பெயர்தான் வரும். பிறகு ஒருவரைக் கேட்க இன்னொருவரின் இலக்கம் கிடைக்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். "ஒரு வேலை எடுத்துத் தாருங்கோ" என்றால் கேட்பவருக்குச் சங்கடம். அவரால் இல்லை என்றுதான் சொல்ல முடியும். பிள்ளை இப்படிக் கதைத்துப் பார்க்கட்டும்:

"வணக்கம் ரீச்சர். உங்களிட்டைக் கணக்கியல் படிச்சனான். இப்ப ஊருக்குத் திரும்பி வந்திட்டம். உயர்தரம் சித்தியடைஞ்சிட்டன். கணக்கு எழுத ஆள் தேவையெண்டு எங்கையாவது கேள்விப்பட்டால் சொல்லுவீங்களோ? விண்ணப்பத்தில உங்கட பேரையும் போடலாமோ?"

பெயரைப் போடுவதற்கு முன் கட்டாயம் அனுமதி கேட்கவும். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். தொலைபேசி வரும்போது அவர் தடுமாறக்கூடாது. முடிவு எதுவானாலும் பிறகு அவருக்கு அறிவியுங்கள். பலர் மறப்பது இதைத்தான், அடுத்த முறை கேட்கக் கூச்சப்படுவதும் இதனால்தான்.

அரச வேலைகள் பற்றி ஒரு சொல். அறிமுகமானவர் விளம்பரம் வந்த செய்தியைச் சொல்லலாம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியைப் பிரதேச செயலகத்திலோ நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். "இவ்வளவு பணம் தந்தால் உள்ளே எடுத்துவிடுவேன்" என்பவருக்கு ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பணத்தை இப்படிக் கொடுத்து ஏமாந்த குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். வெளிநாட்டு வேலை என்றால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்கவும். அறிமுகமில்லாதவர் நேர்முகத்துக்கென்று வீட்டுக்கோ விடுதிக்கோ அழைத்தால் பிள்ளையை, முக்கியமாகப் பெண் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

எவ்வளவு தேடியும் அந்த இரண்டு பெயர்கள் கிடைக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் புதிதாக அறிந்துகொள்ளும் ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கூட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கலாம். முன்பள்ளிச் சிரமதானத்துக்குப் போகலாம். கூட்டுறவுக் கடையில் இருப்பெடுக்கும் நாளில் உதவலாம். சங்கச் செயலாளரோ, முன்பள்ளி ஆசிரியையோ, கடை முகாமையாளரோ மூன்று மாதம் பிள்ளையின் வேலையை நேரில் பார்த்தபின், "உங்கள் பெயரைப் போடலாமா?" என்று கேட்பது கடினமாக இராது.