உள்ளங்கையில் ஓர் ஈபிள் கோபுரம்

தபால்தலை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் நம் பள்ளியில் பலர் உண்டு. உலோகத் தகட்டை மடித்துச் சிற்றுருவங்கள் செய்து சேர்க்கும் பொழுதுபோக்கு இன்னும் நம்மிடையே அவ்வளவாகப் பரவவில்லை. கடையில் போய்க் கேட்டால், "தம்பிக்கா?" என்கிறார்கள். இல்லை, எங்களுக்கே வேண்டும் என்று இக்கட்டுரையின் வாயிலாகவும் தெரிவித்துக் கொள்கிறோம்.

உறையைப் பிரித்தால் உள்ளே இருப்பவை உள்ளங்கை அகலத் தகடுகள் ஒன்றிரண்டும், படங்கள் நிறைந்த செய்முறைத் தாளுமே. பசை இல்லை, திருகாணி இல்லை, பற்றவைப்பும் இல்லை. தபால் அட்டையின் பருமனே உள்ள அந்தத் தகட்டில் பாகங்கள் யாவும் மெல்லிய இணைப்புகளால் ஒட்டிக் கொண்டிருக்கும். கட்டிங் பிளையரால் இணைப்பை வெட்டிப் பாகத்தை எடுக்க வேண்டும். கோடு உள்ள இடத்தில் மடித்து, விளிம்பில் நீண்டிருக்கும் சிறு நாக்கை அடுத்த பாகத்தின் துளையில் செருகி, பின்புறமாக நோஸ் பிளையரால் முறுக்கிவிட வேண்டும். வெட்டிய விளிம்பு பிளேடு போல் கூரியது. துண்டுகளோ மிகச் சிறியவை. ஆகவே வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், அது உறங்கும்போது செய்வதே நலம்.

இத்தனை நுண்ணிய துளைகளைத் தகட்டில் யார் குடைந்தார்கள்? இவ்வகைத் தகடுகள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது இரசாயனமே. முதலில் தகட்டின் மேல் ஒளியால் கெட்டிப்படும் ஒரு பூச்சைத் தடவுவர். வரைபடம் பதித்த பிலிமை அதன்மீது வைத்துப் புற ஊதாக் கதிர்களைச் செலுத்துவர். ஒளி படாத இடத்துப் பூச்சைக் கழுவி நீக்கிவிட்டு, ஃபெரிக் குளோரைடு கரைசலைப் பாய்ச்சினால், அது திறந்து கிடக்கும் இரும்பை மட்டும் கரைத்துவிடும். இரு பக்கமும் அரித்த இடம் துளையாகும். ஒரு பக்கம் மட்டும் அரித்த இடம் பாதி ஆழக் கோடாகும். மடிப்புக் கோடுகள் அவ்வாறு பிறந்தவையே. வேதியியல் பாடத்தில் சமன்பாடாகக் கண்ட ஒன்று இங்கே கைக்கு அகப்படுகிறது!

மடிப்பதில்தான் பொறுமை வேண்டும். ஜெம் கிளிப்பை முன்னும் பின்னுமாக வளைத்துப் பார்த்தவர்களுக்கு அது சில முறைக்குப் பின் ஒடிவது தெரியும். உலோகத்தை வளைக்கும்போது அதனுள் உள்ள படிக அடுக்குகள் நழுவுகின்றன. ஒவ்வொரு வளைவிலும் அவ்விடம் இன்னும் இறுகி, நொறுங்கும் தன்மை அடைகிறது. பாதிக் கனமே உள்ள மடிப்புக் கோடு எத்தனை முறை தாங்கும்? காகிதத்தைப் போல் மடித்துப் பிரித்து மீண்டும் மடிக்க இயலாது. எனவே, எந்தப் பக்கம் மடிப்பது என்பதைப் படத்தில் மும்முறை பார்த்த பின்னரே பிளையரைத் தொட வேண்டும்.

இவ்வரிசையில் நமக்கு மிகவும் பிடித்தது ஈபிள் கோபுரம். காரணம், உண்மைக் கோபுரமே இப்படித்தான் செய்யப்பட்டது! 1887 ஜனவரியில் வேலை தொடங்கி, 1889 மார்ச்சில் முடிந்தது. 18,038 இரும்புப் பாகங்களும் பாரிஸ் நகரை அடுத்த லெவலுவாவிலிருந்த குஸ்தாவ் ஈபிளின் தொழிற்சாலையில் அளவெடுத்து, வெட்டி, துளையிடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டு வரைபடம் இருந்தது. களத்தில் பாகம் பொருந்தாவிட்டால் அங்கேயே தட்டிச் சரிசெய்ய மாட்டார்கள். தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பினார்கள். நம்முடைய நாக்குகளின் வேலையை அங்கே 25 லட்சம் ரிவெட்டுகள் செய்கின்றன.

இனி ஒரு கணக்கு. கோபுரத்தின் இரும்பு 7,300 டன். கட்டியபோது உயரம் ஏறத்தாழ 300 மீட்டர். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக, 30 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் எடை என்ன? 7.3 டன் என்று சொல்லத் தோன்றும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே ஆயிரத்தில் ஒன்றாவதால் எடை நூறு கோடியில் ஒன்றாகிறது. விடை 7.3 கிராம், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுக் குறைவு! உண்மைக் கோபுரத்தில் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தகடு, இதில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகிவிடும். அதைக் கையால் மடிக்க முடியுமா? ஆகவே உயரத்தில் உண்மையாக இருக்கும் சிற்றுருவம், கனத்தில் பொய் சொல்லியே தீர வேண்டும். பெரிதாக்கும்போதும் இதே சிக்கல்தான்: எடை கன மடங்காகவும் வலிமை வர்க்க மடங்காகவும் பெருகும். கலிலியோ இதை 1638-இலேயே எழுதி வைத்தார்.

உலோகப் பொம்மைக் கட்டுமானத்தில் மூத்தவர் லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி. தம் மைந்தர்களுக்காக அரை அங்குல இடைவெளியில் துளையிட்ட பட்டைகளைச் செய்து, 1901-இல் காப்புரிமை பெற்றார். 1907-இல் அதற்கு மெக்கானோ என்று பெயரிட்டார். அதில் இன்று பாரந்தூக்கி, நாளை அதையே பிரித்துப் பாலம். மடிக்கும் தகடோ ஒரு முறைதான் உருவாகும். அதனால்தான் மெக்கானோ பெட்டி ஒன்றே போதுமாயிருக்க, இவை அலமாரியை நிரப்புகின்றன போலும். மெக்கானோவை 'பையன்களுக்கான பொறியியல்' என்றே விளம்பரம் செய்தார்கள். 2025 ஜூனில் திறக்கப்பட்ட செனாப் ரயில் பாலம் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர். இன்று 330 மீட்டராக உள்ள ஈபிள் கோபுரத்தைவிட உயரம். அதன் பாறைச் சரிவுகளுக்குப் பல்லாண்டுகள் ஆலோசகராக உழைத்தவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியை ஜி. மாதவி லதா. கடைக்காரரிடம் இதையும் சொல்ல வேண்டும்.

சேகரிப்போரில் இரு சாரார் உண்டு. உறையைப் பிரிக்காமல் வைத்தால்தான் விலை ஏறும் என்பது ஒரு சாரார் கட்சி. பிரிக்காத உறைக்குள் இருப்பது கோபுரமல்ல, தகடு என்பது நம் கட்சி. நோத்ர தாம் பேராலயமும் சிற்றுருவமாகக் கிடைக்கிறது. 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் அதன் கூர்கோபுரம் சரிந்தபோது, முன்பே செய்து வைத்தவர்களின் மேசையில் அது நின்றுகொண்டுதான் இருந்தது. பழைய வடிவிலேயே கோபுரத்தை எழுப்பி, 2024 டிசம்பரில் பேராலயத்தை மீண்டும் திறந்தார்கள். ஆகவே சிற்றுருவத்தை மாற்ற வேண்டியதில்லை.

செய்து முடித்ததும் மெல்லிய பருத்தித் துணியால் விரல் ரேகைகளைத் துடைத்துவிட வேண்டும்; வியர்வையின் உப்பு உலோகத்தைக் கறுக்கச் செய்யும். கடலோர ஊர்களில் கண்ணாடி போட்ட அலமாரி அவசியம். பித்தளையில் செய்த உருவங்களைக் குத்துவிளக்குப் போலப் புளியிட்டுத் துலக்கலாகாது. மடிப்புகளுக்குள் ஈரம் தங்கிவிடும். தூசி தட்டத் தம்பியின் ஓவியத் தூரிகை போதும்.