அந்தப் பையனுக்கு வயது என்ன?

அன்புத் தம்பிக்கு,

குறைமாதப் பிரசவத்தையும் ஆட்டிசத்தையும் பற்றிய உன் கட்டுரையை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். மார்போடு சேர்த்துக் கட்டிய பிள்ளையின் மூச்சை எண்ணியபடி அந்தத் தாய் விடிய விடிய உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறாயே, முப்பது வருடம் பச்சிளங்குழந்தை வார்டிலேயே கிடந்த எனக்கு அப்படி ஒரு பத்தி வாய்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

அடுத்த பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'ஆபத்து நான்கு மடங்கு'. கோபம் வந்தது அங்கேதான். எதைப் போல நான்கு மடங்கு? நீ எடுத்தது 2021-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு. 1973 முதல் 2013 வரை பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு அது. நிறைமாதத்தில் பிறந்தவர்களில் நூற்றுக்கு 1.4 பேருக்கு ஆட்டிசம். 28 வாரம் நிறையுமுன் பிறந்தவர்களில் 6.1. அதாவது அவர்களிலும் 94 பேருக்கு இல்லை. குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் 34 வாரம் தாண்டிப் பிறப்பவர்கள், அவர்களிடம் 1.9தான். இந்த எண்களை விட்டுவிட்டு மடங்கை மட்டும் எழுதினால், 35 வாரத்தில் பெற்றவளும் அன்றிரவு தூங்கமாட்டாள்.

மறைக்கச் சொல்லவில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை. அது உண்மையானது. அதனால்தான் அளவோடு சொல் என்கிறேன்.

அடுத்தது வயது. யாரைக் கண்டாலும் நான் இதையே பேசுகிறேன் என்பார்கள், பேசத்தான் செய்வேன். 'ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை' என்று ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவன் பிறந்தது 28 வாரத்தில். 40 வாரத்தில் பிறந்திருக்க வேண்டியவன் 12 வாரம் முந்திவிட்டான். அந்த நாட்களைக் கழித்தால் அவனுக்கு ஒன்பது மாதம் சொச்சம். ஒன்பது மாதப் பிள்ளை விரல் நீட்டவில்லை என்று யாராவது கவலைப்படுவார்களா? இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாயிடம் பிறந்த தேதியை மட்டும் பார்த்து, "பிள்ளை பின்தங்கியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். "மாடிப்படி ஏறி இறங்கினேனே, அதனாலயா டாக்டர்?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அவள் கையில் இருந்த மஞ்சள் நிற அட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதில் பிரசவத்துக்குக் குறித்த தேதியும் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

ஆட்டிச அறிகுறி உண்டா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் கேள்வித்தாளையும் நீ அப்படியே நம்பிவிட்டாய். 'குழந்தை நடக்கிறதா?' என்பதும் அதில் ஒரு கேள்வி. கால் விறைத்த பிள்ளைக்கு என்ன பதில் போடுவார்கள்? விழித்திரை பாதித்த பிள்ளை நீ காட்டும் பொம்மையை எப்படிப் பார்க்கும்? மிகவும் முன்னதாகப் பிறந்தவர்களிடம் கண், காது, கை கால் எல்லாம் பார்த்த பிறகே அந்தத் தாளின் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் உண்டு. வீட்டில் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடிப் பார்த்தாயா? கட்டுரையில் அது இல்லை.

அந்தப் பையனின் அம்மாவிடம் பிரசவத் தேதி எது என்று கேட்டு, கணக்குப் போட்டுப் பார். மறுபடியும் அவனைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன் அண்ணன்