மலை ஊரில் பார்த்த காகிதம்



நம் கூட்டமைப்பிலிருந்து 19 பேர் உடுமலை மலைக்குப் பட்டறிவுப் பயணம் போய் வந்தோம். வர முடியாத அக்காமார் "அங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பாடம். ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்பினோம். சனிக்கிழமைச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனியிலிருந்து யார் வருவார்கள்!

போகும்போது பஸ்ஸில் ஓர் ஊக்குனர் சொன்னார்: "மேடம், காட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குச் சேமிப்பு, கணக்கெல்லாம் தெரியாதுங்க. நாம சொல்லிக் குடுத்துட்டு வரலாமுங்க." நானும் தலையாட்டினேன். திரும்பும்போது அந்தப் பேச்சே எழவில்லை.

மூணாறு ரோட்டில் ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம். 2007-ல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் இருக்கும் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியான மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு நம் திருப்பூர் மாவட்டம்தான். பாம்பாறு, சின்னாறு, தேனாறு என்று இந்த மலைத் தண்ணீர்தான் அமராவதி அணைக்கு வருகிறது. கோடந்தூர், தளிஞ்சி, மாவடப்பு, குழிப்பட்டி, குருமலை என்று பல குடியிருப்புகள் உண்டு. முதுவர், மலைமலசர், புலையர் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். நாங்கள் போன ஊரின் பெயரை எழுதவில்லை. அவர்களில் சிலருடைய மனு இன்னும் முடிவாகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வனத்துறை அனுமதி வாங்காமல் இங்கே போகக் கூடாது, அது குற்றம். வண்டி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள். அது யானை நடக்கிற வழி.

கேழ்வரகு, சாமை, மொச்சை போட்டிருந்தார்கள். தைலப்புல்லை அறுத்து, பெரிய பாத்திரத்தில் அடைத்துத் தீ மூட்டுகிறார்கள். ஆவி குழாய் வழியாகப் போய்த் தண்ணீரில் குளிர்கிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது. அந்த வாசம் என் சேலையில் இரண்டு நாள் இருந்தது.

ஒரு வீட்டில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த காகிதத்தைக் காட்டினார்கள். வன உரிமைப் பத்திரம். கணவன் பெயர், அதோடு மனைவி பெயர். யாரோ நல்ல மனசில் சேர்த்த பெயர் இல்லை அது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கல்யாணமானவர்கள் என்றால் இருவர் பெயரிலும்தான் பதிய வேண்டும். தனியாக வாழும் பெண் குடும்பத் தலைவி என்றால் அவர் பெயரில். வாரிசுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவித்து வரும் நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை கிடைக்கும்.

மனுவை முதலில் பார்ப்பது கிராம சபை. வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் செல்லாது. நம் ஊர்க் கிராம சபையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். வேப்பமரத்தடியில், கையெழுத்துப் போட்டுவிட்டு.

அங்கே ஒரு பாட்டி. அவர் மலைப் புலையர். அந்த மக்கள் 1976 வரை பழங்குடிப் பட்டியலில் இருந்து, பிறகு எஸ்.சி. பட்டியலுக்கு மாற்றப்பட்டவர்கள். அதனால் மற்றவர்களைவிட இவர்களுக்கு ஒரு கஷ்டம் கூடுதல். மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எழுத்தே இல்லாத வீட்டில் சான்றுக்கு எங்கே போவது? சட்ட விதியில் அதற்கும் வழி இருக்கிறது. மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. சுடுகாடு, சாமி இடம், பழைய கிணறு, வீடு இவையும் சான்று. இப்படி ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். பாட்டி எங்களைக் கூட்டிப்போய்ப் புதைகுழிக் கற்களைக் காட்டினார். இது மாமியார், இது மாமியாரின் மாமியார் என்று விரல் நீட்டினார். பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாவின் வாய்ச்சொல் அரசாங்கக் கோப்பில் ஏறும்.

எங்களோடு வந்த ஒரு அக்கா (பேர் போட வேண்டாம் என்றார்) அந்தப் பத்திரத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். 11 வருடம் செக்கிங் வேலை செய்து வீடு கட்டியவர். பத்திரம் வீட்டுக்காரர் பெயரில். இவருக்குத் தெரியாமலே ஒருவரிடம் அடமானம் வைத்துவிட்டார், வட்டிக்காரர் வாசலில் வந்து நின்ற அன்றுதான் தெரிந்தது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "இவங்களுக்கு மட்டும் எப்படிங்க ரெண்டு பேரும்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. நம் ஊர் நிலத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் சட்டத்தில் இல்லை. நாமாகச் செய்தால்தான் உண்டு.

செய்ய வழி இருக்கிறது. கணவர் பெயரில் உள்ள சொத்தில் மனைவியையும் சேர்க்கத் தாலுகா ஆபீசில் பட்டா மாறுதல் மனு மட்டும் கொடுத்தால் போதாது. செட்டில்மென்ட் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்குப் பிறகே பட்டா மாறும். செலவு உண்டு, கணவர் சம்மதமும் வேண்டும். புதிதாக இடம் வாங்கும் குடும்பங்களுக்கு இதைவிடச் சுலபம், கிரயப் பத்திரத்தை முதலிலேயே இருவர் பெயரில் எழுதிவிடலாம். அடமானம் இருக்கிறதா என்று பார்க்க வில்லங்கச் சான்று போடுங்கள். பதிவு செய்த கடன் அதில் தெரியும். கைமாற்றாகப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் தெரியாது, அதை வீட்டில்தான் கேட்டாக வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டுப் பத்திரம் அல்லது பட்டாவை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். யார் பெயர் இருக்கிறது என்று படித்துப் பார்ப்போம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள அப்பா வீட்டுக் காகிதத்தைப் பற்றிக் கேட்டு வாருங்கள். ஊக்குனர்கள் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும். பெயர் இல்லாத உறுப்பினர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் கூட்டமைப்புக்கு வந்தால் போதும், யார் யார் என்று வேண்டாம்.