ஒற்றை ஏ எங்கே போனது?

அன்புள்ள யாழினிக்கு,

அத்தை எழுதுகிறேன். ரிமோட்டுக்கு டிரிபிள் ஏ, சுவர்க் கடிகாரத்துக்கு டபுள் ஏ என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, வெறும் ஏ ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டிருந்தாய். பதில் நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்காவில் இருக்கிறது.

1896இல் நேஷனல் கார்பன் கம்பெனி, கொலம்பியா என்ற உலர் மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உயரம் 6 அங்குலம். அதனால் அதன் பெயரே 'நம்பர் 6'. டெலிபோன் பெட்டிக்கும் அழைப்புமணிக்கும் சரி, கையில் தூக்கிப் போக முடியாது. 1898இல் அதே கம்பெனி சின்னதாக ஒன்று செய்தது. நம் ஊரில் டார்ச்சுக்குப் போடும் பேட்டரிக் கட்டை அதுதான். பிறகு ஆளாளுக்கு ஓர் அளவில் செய்யத் தொடங்கினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அரசின் தர நிர்ணய நிறுவனமும் தொழிற்சாலைகளும் பேசி அளவுகளை ஒழுங்குபடுத்தின. 1924இல் கூடிப் பெயரும் வைத்தார்கள். சிறியது ஏ, அடுத்தது பி, சி, கட்டை பேட்டரி டி. நம்பர் 6 ஏற்கெனவே பிரபலம் என்பதால் அதன் பெயரில் கைவைக்கவில்லை.

சிக்கல் அங்கேதான். ஏ-வை விடச் சிறியது வந்தால் என்ன பெயர் வைப்பது? ஏ-வுக்கு முன்னால் எழுத்தே கிடையாதே! அதனால் அதையே இரட்டித்தார்கள், பிறகு மும்மடங்காக்கினார்கள். டபுள் ஏ 1907 முதலே விற்பனையில் இருந்தும் அமெரிக்கத் தரப் பட்டியலில் ஏறியது 1947இல். டிரிபிள் ஏ 1959இல். சிறு கருவிகள் எல்லாம் இவை பக்கம் சாய்ந்ததும் ஏ-வையும் பி-யையும் கேட்க ஆளில்லை. ஐரோப்பாவில் மட்டும் சைக்கிள் விளக்குகளில் பி இன்னும் சில காலம் ஓடியது.

பழைய ரேடியோ புத்தகங்களில் 'ஏ பேட்டரி', 'பி பேட்டரி' என்று பார்த்தால் குழம்பாதே. அவை வேலையைக் குறித்த பெயர்கள். வால்வின் இழையைச் சூடாக்குவது ஏ, அதன் தகட்டுக்கு உயர் மின்னழுத்தம் தருவது பி.

இன்னொன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள். இந்த எழுத்துகள் உருவத்தைத்தான் சொல்கின்றன. டிரிபிள் ஏ-யும் 1.5 வோல்ட், கட்டை பேட்டரியும் 1.5 வோல்ட். சாதாரண பேட்டரியின் உறைக்குள் இருப்பது துத்தநாகக் குவளை. அதற்குள் கரித்தூள் கலந்த மாங்கனீசு டை ஆக்சைடு, நடுவில் ஒரு கார்பன் குச்சி. வோல்ட்டைத் தீர்மானிப்பது இந்தப் பொருள்கள். குவளை பெரிதானால் சரக்கு அதிகம், கூடுதல் நாள் உழைக்கும். மின்சாரம் தரத் தர அந்தக் குவளையே கரைகிறது. தீர்ந்த பேட்டரியைக் கடிகாரத்திலேயே விட்டால் குவளை ஓட்டையாகி உள்ளிருப்பது கசிவது இதனால்தான்.

எழுத்துப் பெயர்களைவிட எனக்குப் பிடித்தவை பிறகு வந்த எண் பெயர்கள். வட்டமான பட்டன் பேட்டரியில் சிஆர்2032 என்றிருக்கும்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. ஒன்பது வோல்ட் சதுர பேட்டரியில் 6எஃப்22 என்றிருந்தால், முதலில் நிற்கும் 6 உள்ளே அடுக்கிய தட்டைச் செல்களின் எண்ணிக்கை. ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். கணக்கை நீயே போட்டுப் பார்.

அன்புடன்,
அத்தை