ஆங்கிலம் அறிவோம்: 'அன்ரில்' என்னும் சிறு சொல்

காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் நம் மாணவர்களை அடிக்கடி இடறச் செய்வது 'அன்ரில்' என்பதாகும். பரீட்சைத் தாளில் இச்சொல் ஒன்றிரண்டு புள்ளிகளைக் குறைத்துவிடும். விண்ணப்பம் அனுப்பும்போது நல்ல வாய்ப்பையே இழக்கச் செய்யும். வேதாகமம் வாசிக்கும்போதோ விசுவாசத்திலேயே ஐயத்தை எழுப்பிவிடும். ஆகவே இவ்வாரம் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெற்றோரும் பிள்ளைகளுடன் இருந்து படிப்பது நன்று.

பொருள்

'அன்ரில்' என்பதற்கு 'வரை', 'அளவும்' என்பது பொருள். நம் பேச்சு வழக்கில் 'மட்டும்' என்போம். ஒரு செயலோ நிலைமையோ குறித்த நேரம்வரை நீடிப்பதை இது காட்டும். 'ஐ வில் ஸ்ரே ஹியர் அன்ரில் பிறைடே' என்றால், 'வெள்ளிக்கிழமை மட்டும் இங்கே தங்குவேன்' என்று பொருள்.

'ரில்' என்பதும் இதே பொருளுடைய சொல்லே. அதை 'அன்ரில்' என்பதன் சுருக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 'ரில்' என்பதே பழைய சொல். 'அன்ரில்' பிற்பாடு வந்தது. எழுத்துக்கூட்டலில் ஒரு வேறுபாடு உண்டு. 'ரில்' என்பதன் ஈற்றில் 'எல்' என்னும் எழுத்து இரண்டு வரும். 'அன்ரில்' என்பதன் ஈற்றில் ஒன்றுதான் வரும்.

'வரை' வேறு, 'உள்' வேறு

'வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடிப்பேன்' என்று எழுத விரும்பும் மாணவன், 'ஐ வில் பினிஷ் த வேர்க் அன்ரில் பிறைடே' என எழுதிவிடுகிறான். இது பிழை. இங்கே 'பை பிறைடே' என்றே எழுத வேண்டும். நீடிக்கும் செயலுக்கு 'அன்ரில்'. குறித்த நேரத்துக்குள் முடிந்துவிடும் செயலுக்கு 'பை'.

இதற்கு இலகுவான வழி, வசனத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பதே. 'வரை' வந்தால் 'அன்ரில்'. 'உள்' வந்தால் 'பை'. நம் தாய்மொழியே நமக்கு ஆங்கிலம் கற்பிக்கிறது!

விண்ணப்பம் 'பை 30 ஜூன்' வந்து சேர வேண்டும் என்று ஓர் அறிவித்தலில் இருந்தால், 30ஆம் திகதிக்குள் அது உரிய இடத்தில் இருக்க வேண்டும். அன்றுதான் தபாலில் போடுவேன் என்று இருப்பவர் ஏமாந்து போவார்.

இன்னொரு பிழை

'அப்பா வரும்வரை காத்திருப்பேன்' என்பதில் 'வரும்' எதிர்காலம் போலத் தோன்றுகிறது. அதனால் நம்மவர் 'அன்ரில் பாதர் வில் கம்' என்று எழுதுகின்றனர். காலத்தைக் குறிக்கும் 'அன்ரில்' என்பதன் பின் எதிர்காலத்துக்குரிய 'வில்' சேராது. 'அன்ரில் பாதர் கம்ஸ்' என்பதே சரி.

அதற்குப் பின் என்ன?

'பஸ் ஆறு மணிவரை புறப்படாது' என்றால், ஆறு மணிக்குப் புறப்படும் என்று விளங்கிக்கொள்கிறோம். ஆனால் 'அவர் சாகும்வரை தம் விசுவாசத்தைக் கைவிடவில்லை' என்றால், செத்த பின் கைவிட்டார் என்று யாராவது எண்ணுவோமா? 'நான் திரும்பி வருமட்டும் சுகமாய் இரு' என்று தாய் சொன்னால், வந்த பின் நோயாய்க் கிட என்றா பொருள்? ஆகவே 'வரை' என்னும் சொல் அந்த எல்லைவரை நடப்பதையே உறுதியாகச் சொல்கிறது. அதற்குப் பின் நடப்பதை இடமும் சூழ்நிலையுமே காட்ட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? மத்தேயு நற்செய்தி 1:25இல், மரியன்னை மகனைப் பெறும்வரை சூசையப்பர் அவரோடு இல்லற உறவு கொள்ளவில்லை என்று காண்கிறோம். பல ஆங்கில வேதாகமங்களில் இவ்விடத்தில் 'அன்ரில்' அல்லது 'ரில்' உள்ளது. வேதாகமத்துடன் வீட்டு வாசலுக்கு வருபவர் இதைக் காட்டி, 'அப்படியானால் அதன் பின் உறவு கொண்டார்தானே? மரியாள் எப்படி என்றும் கன்னி?' என்று கேட்கக்கூடும். நம் பிள்ளைகள் விழிக்கக் கூடாது.

இக்கேள்வி புதிதன்று. ஹெல்விதியுஸ் என்பவர் இவ்வாறு வாதிட்டபோது, கி.பி. 383ஆம் ஆண்டளவில் புனித ஜெறோம் மறுப்பு நூல் எழுதினார். வேதாகமத்தையே சான்றாகக் காட்டினார். மத்தேயு 28:20இல் உலக முடிவுவரை நம்மோடு இருப்பதாக ஆண்டவர் வாக்களிக்கிறார். முடிவுக்குப் பின் நம்மைக் கைவிடுவார் என்பதா அதன் பொருள்? 2 சாமுவேல் 6:23ஐயும் பாருங்கள். சவுலின் மகள் மீக்காலுக்கு இறக்கும் நாள்வரை பிள்ளை இருக்கவில்லை. இறந்த பின் பெற்றாள் என்று எவரும் சொல்லார். கத்தோலிக்கர் அல்லாத கல்வினும் இந்த வசனத்தைக்கொண்டு பிற்காலத்தைப்பற்றி முடிவு செய்ய முடியாதென்றே எழுதினார். 1966இல் வெளிவந்த 'ஜெருசலேம் பைபிள்' என்னும் ஆங்கில மொழிபெயர்ப்பு, வாசகர் மயங்காதபடி இவ்விடத்தில் 'அன்ரில்' என்னும் சொல்லையே தவிர்த்துள்ளது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்னையின் நித்திய கன்னிமையை இச்சொல் மறுக்கவில்லை. இச்சொல் மட்டும் அதை நிரூபிக்கவுமில்லை. திருச்சபை அதைத் தொன்றுதொட்டு விசுவசித்து வருகிறது. 553இல் கூடிய கொன்ஸ்தாந்திநோபிள் சங்கமும் அன்னையை என்றும் கன்னி என்றே அழைத்தது. ஆகவே கேட்பவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். மீக்காலின் வசனத்தை எடுத்து அமைதியாக வாசித்துக் காட்டினால் போதும்.

பயிற்சி

கீழ்வருவனவற்றுக்கு 'அன்ரில்' பொருந்துமா, 'பை' பொருந்துமா?

1. மழை விடும்வரை கோவிலில் நின்றோம்.
2. ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிதம் வந்து சேரும்.
3. அம்மா வரும்வரை சாப்பிடமாட்டோம்.
4. எட்டு மணிக்குள் பாடசாலையில் இருக்க வேண்டும்.

விடைகள்: 1, 3 அன்ரில், 2, 4 பை. இவ்வசனங்களை முழுமையாக ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது வசனத்தில் 'வில்' எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்பதில் கவனமாயிருங்கள்.