குறுக்குக் காற்றும் சிறு விமானமும்

ஆகாய விமானம் உயரப் பறந்துகொண்டிருக்குங்கால் பக்கக் காற்றினால் அதற்கு வருந் தீங்கு சிறிதே. காற்று தன்னொடு அதனையும் ஒதுக்கிக்கொண்டு போகும். விமானி முகத்தைச் சற்றே திருப்பித் தன் வழியைச் செவ்வை செய்துகொள்வான். நிலத்தை விட்டெழும் அரை நிமிஷமே இடர் மிக்கது. என்னை? அப்பொழுது விமானம் முற்றும் வண்டியுமன்று, முற்றும் பறவையுமன்று. சக்கரம் நிலத்தையும் இறக்கை காற்றையும் பற்றி நிற்க, இரண்டும் அதனை வெவ்வேறு வழியில் இழுக்கின்றன.

வாடை, கோடை, கொண்டல், தென்றல் எனத் திசைபற்றிக் காற்றுக்குப் பெயரிட்டது நம் மொழி. விமானிக்கு அஃதொன்றே போதாது. ஓடுபாதைக்கு எத்துணைச் சாய்வாக அது வருகின்றது என்பதும் வேண்டும். 20 நாட் வேகமுள்ள காற்று (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 30 பாகைக் கோணத்தில் வருமாயின், அதில் 10 நாட் பக்கத்திலிருந்து தள்ளும். 60 பாகையாயின் 17 நாட்டுக்கு மேல். அங்ஙனம் தள்ளும்போது, கோபுர உச்சியில் காற்றுத்திசை காட்டும் சேவலைப் போல, விமானமும் வாலிற் காற்றை ஏற்று மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பும். ஒற்றை எஞ்சின் விமானங்களிற் பெரும்பாலானவை விசிறியின் சுழற்சியால் இயல்பாகவே இடப்பக்கம் இழுப்பன. காற்றும் இடத்திலிருந்து வந்துவிட்டாலோ இரண்டும் ஒன்றுகூடும்.

இதற்கு மாற்று உண்டு. கைப்பிடியைக் காற்று வரும் பக்கம் முழுதும் திருப்பி அப்பக்கத்து இறக்கை எழாதபடி தாழ்த்தி, காலாற் சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்து ஓட்டத் தொடங்குவர். வேகம் ஏற ஏறக் கைத்திருப்பத்தைக் குறைப்பர். சீராக வீசும் காற்றுக்கு இப்பழக்கம் போதும். குழப்பம் விளைப்பது விட்டுவிட்டு மோதும் வீச்சே.

இறக்கையைத் தூக்குவது நிலத்தின்மேல் ஓடும் வேகமன்று, அதனைக் கடந்து செல்லும் காற்றின் வேகம். 55 நாட்டில் எழவேண்டிய விமானம் 48 நாட்டில் ஓடும்போது, முன்சாய்வாக வந்த வீச்சு 10 நாட்டைக் கூட்டிவிட்டால், ஓட்டுவோன் விரும்பாமலே அது எழுந்துவிடும். இரண்டு விநாடியில் வீச்சு ஓயும், விமானம் விழும். அதற்குள் பக்கமாக நகர்ந்திருக்குமாதலின், சக்கரங்கள் நேரே படாமற் குறுக்கே உராய்ந்து கால் ஒடியும். அன்றேல் இறக்கை நுனி தரையில் மோதும். ஆகவே தேர்ந்தோர், வழக்கத்தினும் சற்று மிகுந்த வேகம் வரும்வரை சக்கரங்களை நிலத்தில் அழுத்தி வைத்துப் பின் தயங்காது எழுப்புவர்.

செஸ்னா 172 விமானத்தின் கைந்நூல் 15 நாட் குறுக்குக் காற்றைக் கூறும். அது சோதனையிற் செய்து காட்டிய அளவேயன்றிக் கற்போன் எவனுக்கும் தந்த உறுதியன்று. இவ்வேறுபாட்டைப் பலர் கருதுவதில்லை.

வீச்சின் கொடுமை நிலத்தை விட்டதும் முடிவதில்லை. 1996 ஏப்ரல் 11ஆம் நாள் அமெரிக்காவில் வையோமிங் மாகாணத்து ஷையான் நகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஜெஸ்ஸிகா டுப்ராஃப் என்னும் ஏழு வயதுச் சிறுமி, கண்டத்தின் குறுக்கே விமானமோட்டிப் பேர்பெறப் புறப்பட்டிருந்தாள். உடன் தந்தையும், பயிற்றும் ஆசிரியரும். முதல்நாள் அவர்கள் கிளம்பிய கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே கடலோர ஊர். ஷையானோ 6,000 அடிக்கு மேற்பட்ட உயரம். அங்கே காற்று மெலிது, தூக்குவிசையும் குறைவு. அவர்களது செஸ்னா 177பி விமானம் அளவுக்கு மிஞ்சி 96 இராத்தல் சுமந்திருந்தது. இடிமேகம் நெருங்கியது; மழை பெய்தது; காற்று 20 நாட், வீச்சில் 30. சற்றுமுன் எழுந்த வேறொரு விமானி, தன் வேகம் 15 நாட் ஏறியும் இறங்கியும் போயிற்றென்று அறிவித்துமிருந்தார். ஆயினும் காலை 8.24 மணிக்கு எழுந்தனர். விமானம் மூக்குயர்த்தித் தள்ளாடி மெல்ல ஏறி, வலப்பக்கம் திரும்பியது. அங்ஙனம் திரும்புகையிற் காற்றுப் பின்னின்று தள்ள, நிலம் விரைந்து பின்னோடுவது போலக் கண்ணுக்குத் தோன்றும். இறக்கை பெறும் வேகமோ வேறு. இத்தோற்றம் ஆசிரியரை மயக்கியிருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதிற்று. தூக்குவிசை அற்று விமானம் ஏறக்குறையச் செங்குத்தாக ஒரு தெருவில் விழ, மூவரும் மாண்டனர்.

சிறுமியின் வயதையே உலகம் பேசிற்று. குழுவோ, அவ்வானிலையிற் கிளம்பத் துணிந்த ஆசிரியரின் முடிவையும், வேகத்தைக் காவாமையையும் காரணமாகக் கண்டது. பத்திரிகைகளுக்குக் கொடுத்த வாக்கும், நெருக்கமான பயணத் திட்டமும் அத்துணிவைத் தூண்டின என்றும் எழுதிற்று. ஊர்தோறும் நிருபர்கள் காத்திருக்க, ஒரு பொழுது தாழ்ப்பது எளிதன்று போலும்!

அவ்வாண்டே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. சாதனை நாடிப் பறக்கும் உரிமமில்லாதவர் கையில் விமானத்தைக் கொடுத்தலை அது விலக்குகின்றது. மேகம் நெருங்கும் வேளையில் எழலாமா என்னும் தீர்ப்பு, முன்போலவே, விமானத்திற்குப் பொறுப்பேற்றவரிடமே உள்ளது.