பேசா நாயகர்

நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் குணத்தைப் பெரும்பாலும் அதன் பேச்சைக் கொண்டே அறிகிறோம். வீடியோ விளையாட்டு என்னும் இளங்கலையிலோ, கதை முழுவதும் வாய் திறவாத நாயகர் பலர் உளர். சுற்றியிருப்போர் எல்லாரும் பேசுவர். நாயகன் மட்டும் பேசான். இஃது ஏன்? இம்மௌனத்தால் விளையும் நன்மை யாது, தீமை யாது? சில சான்றுகளைக் கொண்டு ஆராய்வோம்.

1998-இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் நாயகன் கார்டன் ஃப்ரீமன், இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற 27 வயது இளைஞன். அவன் பணிபுரியும் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு சோதனை விபத்தாக முடிய, வேற்றுலக உயிர்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. தொடக்கம் முதல் இறுதிவரை யாவற்றையும் அவன் கண்வழியே காண்கிறோம். காவலரும் அறிஞரும் நம்மை நோக்கியே பேசுகின்றனர். அவனுக்கென்று ஒரு குரல் இருந்திருப்பின், ‘இவன் வேறு, நாம் வேறு’ என்ற எண்ணம் அந்நொடியே தோன்றியிருக்கும். குரல் இல்லாமையால் மறுமொழி நம் உள்ளத்திலேயே எழுகின்றது.

விடுதியில் வங்காள நண்பர் ஒருவரும் நானும் இதனை மாறிமாறி ஆடியதுண்டு. பிறர் பேசுவதெல்லாம் ஆங்கிலம். நாயகனோ எனக்குத் தமிழனாகவும் அவருக்கு வங்காளியாகவும் இருந்தான்! மொழிபெயர்ப்பாளர் எவரும் செய்யவியலாததை மௌனம் செய்துவிட்டது.

ஆயினும், ஊமையாய் நிற்கும் பாவை நாயகன் ஆகிவிடாது. அம்மௌனத்துக்குக் கதையில் ஓர் இடம் வேண்டும். ‘போர்ட்டல் 2’ (2011) விளையாட்டின் தொடக்கத்தில், நெடுந்துயில் நீங்கி எழும் நாயகியிடம் வீட்லி என்னும் இயந்திரம் ‘ஆப்பிள்’ என்று சொல்லுமாறு கேட்கின்றது. பேசுவதற்கு உரியதெனக் காட்டப்படும் பொத்தானை அழுத்துகிறோம்; அவளோ குதிக்கிறாள்! மௌனம் இங்கே நகைச்சுவை ஆகின்றது. 2017-இல் வந்த ‘செல்டா’ விளையாட்டில், இளவரசியின் நாட்குறிப்பு வேறொரு காரணம் கூறுகின்றது: எல்லார் கண்களும் தன்மேல் இருப்பதால், சுமைகளை வாய் பேசாது தாங்கவேண்டும் என்று வீரன் லிங்க் கருதுகிறான். இங்கே மௌனம் குணம் ஆகின்றது.

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். ‘பயோஷாக்’ (2007) நாயகன் ஜாக், தொடக்கத்தில் ஓரிரு சொற்கள் கூறியபின் பேசுவதே இல்லை. கடலடி நகரம் ஒன்றில், வானொலி வழியே ஒருவர் ‘அருள்கூர்ந்து’ என்பது போன்ற பணிவான தொடரால் வேலைகளை ஏவுகிறார். நாமும் தயங்காமல் செய்கிறோம். அத்தொடரைக் கேட்டால் கீழ்ப்படிந்தே தீரும்படி ஜாக்கின் மனம் முன்னமே பழக்கப்பட்டிருந்தது என்ற உண்மை பின்னரே வெளிப்படுகின்றது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர். இங்கே அஃது அடிமைத்தனத்துக்கு அறிகுறி. ‘ஏன்?’ என்று கேட்க நமக்கொரு பொத்தான் தரப்படவில்லை என்பதும் அப்போதுதான் உறைக்கின்றது.

எனவே, மௌனம் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அதனை நிரப்புவோர் யார் என்பதே வினா. நாமே நிரப்பினால் அது நம் உரிமை. பிறர் நிரப்பினால் நாம் அவர்தம் கருவி. அடுத்த முறை ஆடும்போது இவ்வினாவை எழுப்பிப் பாருங்கள். சங்கக் கூட்டங்களில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் நண்பர்களும் இதனைத் தம்மிடம் கேட்டுக்கொள்வாராக!